இருபத்தொண்ணாம் நம்பர் கவர்

அந்தப் பெட்டியைப் படுக்க வெக்காதீங்க தம்பி. நிக்க வெச்ச வாக்குலயே கெடக்கட்டும். படுக்க வெச்சா உள்ளார மெஷினு கெட்டுப் போயிரும். எனக்கெப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? அதான் அட்டை மேல படம் போட்டிருக்குதுங்களே. ஆக்சிஜன் மெஷின். முன்னால ஒரு திருகு இருக்கும், திருகுனா கண்ணாடிக் குழாய்க்குள்ள ஒரு குண்டு மேல எழும்பும், ஒண்ணு ரெண்டுன்னு அஞ்சு லிட்டர் வரைக்கும் போகும். வூட்ல ஆருக்குங்க? அப்பாவுக்கா. நெஞ்சு கெட்டது பீடியாலயா, மில்லுப் பஞ்சாலயா? ரெண்டும்ங்களா. சரிதான் போங்க.

எவ்வளவு வெக்கறதுன்னு என்னையக் கேக்கறீங்க. டாக்டர் சீட்டுல ரெண்டுன்னு எழுதியிருக்காரு. கடைக்காரன் அஞ்சு வரைக்கும் தாராளமா வெச்சுக்கங்கன்னுட்டான். அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்பவே பத்தலை பத்தலைன்னு கையைக் கையைக் காட்டுனாரு. அதானுங்களே? நல்ல ஆளாப் பாத்துத்தான் கேட்டிருக்கீங்க. பதினாறு வருசம் ஆம்புலன்ஸ்ல ஓடுனவனுங்க நான். ஓட்டறவன் இல்லை, ஓட்டறவனை நாங்க பைலட்டும்போம். நான் பின்னால நோயாளிக்குப் பக்கத்துல உக்காந்து ஊசி, மாஸ்க்கு எல்லாம் போடற ஆளு. தாராபுரம் ஸ்டேஷன்ல ஈஸ்வரமூர்த்தின்னு கேட்டா தெரியாதவங்க இல்லை. இப்ப வேணா தெரியாதும்பானுங்க.

சொல்றேன். நீங்க குண்டடத்துலதான எறங்கறீங்க, அதுக்குள்ள சொல்லிப்போடறேன். மொதல்ல என்ற வயித்தெரிச்சலைக் கேளுங்க. காலைல இருந்து கோயமுத்தூர்ல ஒரு ஏ.சி. ரூம்ல உக்கார வெச்சு என்னைய உரிச்சு அனுப்பியிருக்கறாங்க. சிங்காநல்லூர்ல பஸ் ஏறுனவன் இன்னும் ஒரு வாய் தண்ணி குடிக்கலைங்க.

ஆராய்ச்சியாமா ஆராய்ச்சி!

போன வருசம் பொரட்டாசிக் கடைசில எங்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு மீட்டிங் போட்டாங்க. பன்னெண்டு ஸ்டேஷன் ஆளுக. சமோசா, டீ எல்லாம் குடுத்தாங்க. டாக்டர் சுபலட்சுமின்னு ஒரு அம்மா, என்ற மகளுக்கு ரெண்டு வயசு மூத்திருக்கும், அவ்வளவுதான். மேடையேறி என்ன சொல்லுச்சுங்கறீங்க? பீடி குடிச்சு, பஞ்சு தின்னு, நாள்பட்டு நுரையீரல் கெட்டுப் போன ஆளுகளுக்கு ஆம்புலன்ஸ்ல ஆக்சிஜனை முழுசாத் திறந்து விடறது நல்லதா, அளந்து குடுக்கறது நல்லதான்னு பாக்கப் போறமுங்களாம். முழுசுன்னா நிமிசத்துக்குப் பதினஞ்சு லிட்டரு. அளவுன்னா, விரல்ல ஒரு கிளிப் மாட்டுவோம்ல, ரத்தத்துல ஆக்சிஜன் நூத்துக்கு எத்தனைன்னு காட்டறது, அதுல தொண்ணூறை ஒட்டியே நிக்கற மாதிரி கொஞ்சூண்டு. "இத்தனை வருசமா நாம குடுக்கறது சரியான்னு நமக்கே தெரியாது சார்" அப்படீன்னாங்க.

எனக்குச் சுர்ருன்னுச்சு. தெரியாதா? பதினாறு வருசமா தொண்ணூத்தெட்டு வந்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும். தொண்ணூறுல நிறுத்தோணுமாமா! மூச்சு முட்டிக் கெடக்கறவனுக்குக் காத்தை அளந்து ஊத்தறதுக்கு இது என்ன ரேசன் மண்ணெண்ணெயா? எந்திரிச்சுக் கேட்டேனுங்க, இதே வார்த்தையைத்தான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மாவும் சிரிச்சுச்சு. சிரிச்சுட்டு, "அதைக் கண்டுபிடிக்கத்தான் சார் உங்களைக் கூப்பிட்டிருக்கோம்" அப்படீங்குது.

எப்படிக் கண்டுபிடிக்கறதாமா? ஸ்டேஷனுக்கு நாப்பது கவரு. காக்கிக் கவரு, ஒட்டி, சீல் வெச்சு, மேல ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்கும். அந்த மாதிரி நோயாளி ஆராவது வந்தா சொந்தக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு, அடுத்த நம்பர் கவர் எதுவோ அதைக் கிழிக்கோணும். உள்ள முழுசுன்னு இருந்தா முழுசு, அளவுன்னு இருந்தா அளவு. வந்தவன் ராசாவானாலும் சரி, தெருவுல கெடந்தவனானாலும் சரி. "ஏம்மா, இது சீட்டுக் குலுக்கற கதையாவல்ல இருக்குது"ன்னேன். "அதேதான் சார், நாம தேர்ந்தெடுத்தா நம்ம மனசு உள்ள பூந்துக்கும்" அப்படீன்னாங்க.

பூந்தா என்னங்க தம்பி தப்பு? நீங்களே சொல்லுங்க. மனசில்லாம வண்டில ஏறி உக்கார முடியுங்களா?

சரி, மேல இருந்து உத்தரவு. செஞ்சோம். மொத ஆளு மூலனூர்ப் பக்கம் ஒரு பெரியவரு. ஒண்ணாம் நம்பர் கவரைக் கிழிச்சா, அளவு. அந்த அரை மணி நேரம் நான் பட்ட பாடு இருக்குதே! விரல்ல கிளிப்பு எண்பத்தொம்பதுங்குது, தொண்ணூறுங்குது. அவரு என்ற சட்டையைப் பிடிச்சு இழுக்கறாரு. இன்னும் வையி, இன்னும் வையின்னு கையைக் காட்டறாரு. மருமகள் மூஞ்சிக்கு நேரா என்னையக் கேக்கறா, "ஏனுங்க, சிலிண்டர்ல இருக்கறதை மிச்சம் பிடிச்சு நீங்க வூட்டுக்கா கொண்டு போறீங்க?" அப்படீன்னு. நான் தலை நிமிரலைங்க. அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கலை. அந்தப் பெரியவரு பொழச்சு வந்துட்டாரு, அது வேற விசயம்.

ஆனா அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இதை இப்படியே விடறதில்லைன்னு.

எங்க வண்டிக்குள்ள கூரைல ஒரு லைட் இருக்குமுங்க, நரம்பு தேடறதுக்கு, நல்ல வெளிச்சம். ஒரு நாள் சும்மா அடுத்த கவரை அதுல ஒட்டிப் பிடிச்சுப் பாத்தேன். எழுத்துத் தெரியலை. ஆனா வரி தெரிஞ்சுது. முழுசுன்னா உள்ள ஒரே வரிதான், 'பதினஞ்சு லிட்டர் வைக்கவும்' அவ்வளவுதான். அளவுன்னா எப்படிக் கூட்டறது, எப்படிக் குறைக்கறதுன்னு நாலு வரி. ஒரு வரி கவரு, நாலு வரி கவரு. இத்தனை படிச்சவங்களுக்கு இது தோணலை பாருங்க! என்ற ரெண்டு கண்ணு கண்டுபிடிச்சுருச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

அதுக்கப்பறம் நம்ம ராச்சியம். நல்ல மனுசங்க வந்தா ஒரு வரி. மூக்கு முட்டக் குடிச்சுட்டு வந்து நம்மளையே வையறவன் வந்தா நாலு வரி. நம்பர் முன்னப் பின்னப் போகும், அதனால என்னங்க, ஒரு ஆளுக்கு ஒரு கவர்தான? நாப்பது கவரும் நாப்பது பேருக்குத்தான போகுது? யார்ற சோத்துல நான் மண்ணள்ளிப் போட்டேன்?

பைலட் ஜாபரு கண்ணாடில பாத்துட்டான். நல்ல பையன், என்கூட ஒம்பது வருசம் ஓடுனவன். "மூர்த்தியண்ணே, வேண்டாண்ணே, வந்ததைக் கிழிச்சுட்டுப் போங்கண்ணே" அப்படீன்னான். "நீ ரோட்டைப் பாரு"ன்னேன். அவன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கிட்டான். ஆனா அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கலைங்க. மனசுக்குள்ள குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

சத்துணவு ஆயா ஒருத்தங்க, ரங்கம்மாள்னு பேரு. இருபது வருசம் விறகு அடுப்புல ஊதி ஊதி நெஞ்சு கெட்டுப் போச்சு. ஏறும்போதே என்ற கையைப் பிடிச்சு, "சாமி, மூச்சு மட்டும் வாங்க வெச்சிரு சாமி" அப்படீன்னாங்க. நான் நாலு வரியையா எடுப்பேன்? ஒரு வரியாப் பாத்துப் பதினஞ்சைத் தொறந்து விட்டேன். தம்பி, அதை நீங்க பாத்திருக்கோணும். கிளிப்புல தொண்ணூத்தொம்பது. பத்தே நிமிசம். பதட்டம் எல்லாம் அடங்கி, கண்ணு சொருகி, அப்படியே அசந்து தூங்கிட்டாங்க. வண்டிக்குள்ள சத்தமே இல்லை. பெத்த தாயைத் தூங்க வெச்ச மாதிரி இருந்துச்சுங்க எனக்கு.

அந்தம்மா மறுநாள் போயிட்டாங்க. ஆஸ்பத்திரிக்காரன் கோட்டை விட்டுட்டான். நான் தொண்ணூத்தொம்பதுல, தூங்கற புள்ளையாட்டக் கொண்டு போய் ஒப்படைச்சேன், அவனுக பாத்துக்கத் தெரியாம விட்டுட்டானுக. சண்டைக்கே போனேன் ட்யூட்டி டாக்டர்கிட்ட. அப்பறம் ஒரு பால் சொசைட்டிக்காரரு, அவரும் அப்படித்தான், நல்ல மனுசன், வண்டில குறட்டை விட்டுத் தூங்குனாரு, ரெண்டு நாள்ல போயிட்டாரு. எல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்காரனுக பண்ற வேலை. நான் கொண்டு போய் விடறது ஒரு தினுசு, அவனுக திருப்பிக் குடுக்கறது ஒரு தினுசு.

என்னங்க பாக்கறீங்க? சொல்லுங்க, ஏதோ கேக்க வந்தீங்க. ஒண்ணுமில்லையா? சரி. இது பல்லடம், இங்க அஞ்சு நிமிசம் நிப்பான். வேண்டாமுங்க, எனக்கு டீ வேண்டாம்.

எங்கக்கா துளசிமணி. எனக்குப் பன்னெண்டு வயசு மூப்பு. எங்கம்மா போன பொறகு என்னைய வளத்துனது அக்காளும் மச்சானும்தான். மச்சான் பேரு சென்னியப்பன். ஜின்னிங் பேக்டரில முப்பது வருசம், பஞ்சு மூட்டைக்குள்ளயே வாழ்ந்த மனுசன். வேலை விட்டு வந்தா மீசை, புருவம் எல்லாம் வெள்ளையா இருக்கும். என்னைய இந்தப் படிப்புப் படிக்க வெச்சதே அவருதான். "நீ ஒருத்தனாவது பஞ்சுக்கு வெளிய போய் நில்லுடா" அப்படீம்பாரு.

போன மார்கழி. காலைல ஏழு மணி இருக்கும், பனி விட்டுக்கூடப் போகலை. அக்கா நேரா என்ற போனுக்கே கூப்பிட்டா. "கண்ணு, மச்சானுக்கு மூணு நாளாத் தூக்கமில்லை, இப்ப மூச்சே வாங்க முடியலை, நீயே வந்துரு கண்ணு." போனேன். கட்டில் மேல கையை ஊனிக்கிட்டு உக்காந்திருக்காரு. பேச்சு வரலை. ஆனா என்னையப் பாத்ததும் மொகத்துல ஒரு தெளிச்சிங்க. நம்மாளு வந்துட்டான்னு.

வண்டில ஏத்துனோம். அக்கா பக்கத்துல உக்காந்தா. படிவத்தை எடுத்தேன். இதுல கையெழுத்துப் போடுக்கான்னேன். என்னதுன்னு கேட்டா. ஒரு ஆராய்ச்சி, ரெண்டு வைத்தியத்துல எது வருதோ அது குடுப்பாங்கன்னேன். அக்கா என்ற மொகத்தையே பாத்தா. "நீ பயப்படாம போடுக்கா, நல்லதா வர்ற மாதிரி நான் பாத்துக்கறேன்"னேன். போட்டுட்டா. என்னைய நம்பித்தானுங்களே போட்டா? படிவத்தைப் படிச்சா போட்டா?

இருபத்தொண்ணாம் நம்பர் கவரு. லைட்டுல பிடிச்சேன். நாலு வரி.

அதைத் தூக்கிப் பைக்குள்ள போட்டுட்டு இருபத்திரண்டை எடுத்தேன். ஒரு வரி. அக்கா கண்ணு முன்னாலதான். "பாருக்கா, இதுதான் நல்லது"ன்னு அவகிட்டயும் காட்டுனேன். முன்னால ஜாபரு கண்ணாடியைத் திருப்பி வெச்சுக்கிட்டான். பதினஞ்சைத் தொறந்தேன். ஊதியூர் தாண்டறதுக்குள்ள தொண்ணூத்தெட்டு. மச்சான் என்ற கையை ஒரு அழுத்து அழுத்துனாரு. அப்பறம் கை தளந்துச்சு. கண்ணு சொருகுச்சு. அக்கா கேட்டா, "ஏங்கண்ணு, தூங்கறாரா?" "தூங்கறாருக்கா. விடு. மூணு நாளாத் தூங்கலையில்ல"ன்னேன். அவ முந்தானைல அவர் நெத்தி வேர்வையைத் தொடச்சு விட்டா. நான் அப்படி ஒரு நிம்மதியை அன்னிக்கு வரைக்கும் பாத்ததில்லைங்க.

எழுப்ப முடியலைன்னாங்க ஆஸ்பத்திரில. தட்டிப் பாத்தாங்க, கிள்ளிப் பாத்தாங்க, குழாயைப் போட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு முடிஞ்சுது.

இதுல எனக்கு வயிறு எரியறது என்னன்னா, நாலு நாள் கழிச்சு ராக்கியப்பன் வந்தான். எங்க வார்டுல முன்னாடி கவுன்சிலரு. குடியும் கும்மாளமுமா வாழ்ந்தவன். ஒருக்கா ஆம்புலன்ஸ் வர ரெண்டு நிமிசம் தாமசமாயிருச்சுன்னு ஊரு முன்னால ஜாபரைச் செவிட்டுல அறைஞ்சவன். அவனுக்கு மூச்சு வாங்குது. மச்சானுக்குக் கருமாதி கூட முடியலை, நான் ட்யூட்டிக்கு வந்து இவன் பக்கத்துல உக்காந்திருக்கேன். பைக்குள்ள கையை விட்டேன். இருபத்தொண்ணு இருந்துச்சு. லைட்டுல எல்லாம் பாக்கலை, அதான் தெரியுமே. கிழிச்சேன். அளந்து குடுத்தேன், எண்பத்தொம்பது, தொண்ணூறு, ஒரு சொட்டு எச்சாக் குடுக்கலை. வழி நெடுக வையறானுங்க. "டேய், நல்லாத் தொறந்து விடுறா, உன்ற வேலையைக் காலி பண்றேன் பாரு, எங்கிட்ட வெச்சுக்காத"ன்னு, ரெண்டு மூச்சுக்கு ஒரு கெட்ட வார்த்தை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கண்ணை மூடலை, வாயையும் மூடலை.

அஞ்சாம் நாள் நடந்து வூட்டுக்குப் போயிட்டான். இன்னிக்கும் சந்தைப்பேட்டை டீக்கடைல நின்னு ஊர் நாயம் பேசிக்கிட்டிருக்கான். ரங்கம்மாள் இல்லை. பால்காரர் இல்லை. எங்க மச்சான் இல்லை. இவன் இருக்கறான். கடவுளுக்குக் கண்ணே இல்லைன்னு அன்னிக்குத்தான் சாமி கும்பிடறதை விட்டேன்.

தை பொறந்து ஒரு மாசம் கழிச்சு மெமோ வந்துருச்சு. கவரை வரிசை மாத்தி எடுத்தியா, வெளிச்சத்துல பாத்தியான்னு. வெளிச்சத்துல பாத்ததுங்கற வரைக்கும் எழுதியிருக்குது. அது ஆருக்குத் தெரியும்? வண்டில இருந்தது நானும் ஜாபரும். நேரா ஷெட்டுக்குப் போனேன். வண்டி கழுவிக்கிட்டிருந்தான். சட்டையைப் பிடிச்சுட்டேன். கூட உக்காந்து ஒரே டிபன்ல தின்னுட்டு எப்பட்றா உனக்கு மனசு வந்துதுன்னு கேட்டேன். "அண்ணே, நான் இல்லண்ணே"ங்கறான். காறித் துப்புனேன். அவன் துண்டுல மொகத்தைத் தொடச்சுட்டு மறுபடியும் வண்டி கழுவப் போயிட்டான். அதுக்கப்பறம் எட்டு மாசமா அவனோட ஒரு வார்த்தை பேசலை. அவன் மகளுக்கு நிக்கா வெச்சான், பத்திரிக்கை வந்துச்சு, போகலை. என்னைய வண்டில இருந்து எறக்கி ஸ்டோர்ல பெட்ஷீட் மடிக்கப் போட்டாங்க.

இன்னிக்கு என்னத்துக்குக் கூப்பிட்டாங்கன்னா, ஆராய்ச்சி முடிஞ்சு போச்சாமா. அந்த சுபலட்சுமி டாக்டரம்மா எதிர்ல உக்காந்துட்டு, "சார், மத்த பதினோரு ஸ்டேஷன்ல அளந்து குடுத்தவங்கள்ல சாவு குறைஞ்சிருக்கு. முழுசாக் குடுத்தவங்கள்ல அதிகம்" அப்படீங்குது. இருக்கட்டும், இப்ப என்னன்னேன். உங்க ஸ்டேஷன்ல முப்பத்தெட்டுப் பேரு, அவங்களை இதுல சேர்க்க முடியாது, எல்லாரையும் எடுத்துரோணும், அதுக்கு முன்னாடி எது எப்படி நடந்துச்சுன்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க அப்படீன்னாங்க.

எடுத்துரோணுமா? முப்பத்தெட்டு உசுருங்க! மூச்சு முட்டி என்ற மடில கெடந்தவங்க! எங்க மச்சான் பேருக்கு நேராச் செவப்புல ஒரு கோடு போட்டிருக்குது, தம்பி. அவரு மூச்சு வாங்குனதே இல்லைங்கற மாதிரி. எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம், மேசையைத் தட்டிட்டேன். "பொழச்சாலும் செத்தாலும் அவரு இருந்தாரும்மா, உங்க கணக்குல எடுத்துக்கங்க" அப்படீன்னு கத்துனேன். வெளிய இருந்து வாட்ச்மேன் வந்துட்டான்.

அந்தம்மா வாட்ச்மேனை அனுப்பிட்டு, தண்ணி எடுத்து முன்னால வெச்சுச்சு. நான் குடிக்கலை. அந்த ஜாபரு என்ன சொன்னான், அதைக் காட்டுங்க மொதல்லன்னேன். "ஜாபரா? அவரைக் கூப்பிட்டு விசாரிச்சோம் சார், நான் ரோட்டைத்தான் பாத்தேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு" அப்படீங்குது. அப்ப ஆருன்னேன். ஒரு தாளைத் திருப்பி வெச்சாங்க. முப்பது நாள் கழிச்சு வூடு வூடாப் போய் நர்ஸம்மா விசாரிப்பாங்களாமா, அந்தத் தாளு. சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதியிருக்குது.

'எங்க தம்பி தங்கமானவன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, கெட்ட கவரைத் தள்ளிட்டு நல்ல கவரா எடுத்துக் குடுத்தான். மூணு நாளாத் தூங்காத மனுசன் கடைசியா நிம்மதியாத் தூங்குனாரு. அவனை நல்லா வெக்கச் சொல்லுங்க.' கீழ எங்கக்கா கையெழுத்து. துளசிமணி. அந்த 'ணி'யைச் சுழிச்சு விடுவா, அதே சுழி.

இப்ப சொல்லுங்க, நான் ஆரைப் போயி வையறது?

அதுக்கு மேல அந்தம்மா பாடம் எடுக்குது. நாள்பட்ட நெஞ்சு இருக்கறவங்களுக்கு ஆக்சிஜன் எச்சாப் போனா உள்ளார இருக்கற கெட்ட காத்து வெளிய போகாம தங்கிக்குமாமா. கிளிப்பு தொண்ணூத்தொம்பது காட்டும், ஆனா கெட்ட காத்து தலைக்கேறி மயக்கம் வருமாமா. பாக்கறதுக்குத் தூங்கற மாதிரியே இருக்கும் சார், நாமளும் நிம்மதியாத் தூங்கறாங்கன்னு நெனைச்சுக்குவோம் அப்படீன்னாங்க. நெனைச்சுக்குவோமாமா. நெனைச்சுக்குவோம்.

"அப்ப எங்க மச்சானை நான் கொன்னுட்டேங்கறீங்களா?"ன்னேன். அந்தம்மா அந்தத் தாளைத் திருப்பி எடுத்து வெச்சுச்சு. அப்பறம், "ஒரு ஆளை வெச்சு அப்படிச் சொல்லவே முடியாது சார். முழுசாக் குடுத்தும் பொழைச்சவங்க இருக்காங்க, அளந்து குடுத்தும் போனவங்க இருக்காங்க. நூத்துக்கணக்குல சேத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் கவரு" அப்படீன்னுச்சு.

பாத்தீங்களா? அவங்களுக்கே தெரியாது. அத்தனை படிச்சும் தெரியாது. நான் நூத்துக்கணக்குலயா கேட்டேன்? நான் ஒருத்தரைத்தானுங்களே கேட்டேன். இருபத்தொண்ணைக் கிழிச்சிருந்தா இருந்திருப்பாரா மாட்டாரா? இருப்பாருன்னு சொன்னா ஒரு அழுகை அழுதுட்டுப் போறேன். மாட்டாருன்னா வூட்டுக்குப் போய்ச் சோறு திங்கறேன். தெரியாதுன்னு சொல்லி அனுப்புனா நான் என்ன பண்ணட்டும்?

நான் ஒரு தப்பும் பண்ணலைங்க. எவன் என்ன சொன்னாலும் சரி. கேட்டவனுக்குக் கேட்டதைக் குடுத்தேன், அவ்வளவுதான்.

இருங்க, போன் அடிக்குது. அக்காதான். காலைல இருந்து ஆறாவது தடவை. என்ன ஆச்சு கண்ணு, வேலையைத் திருப்பிக் குடுத்துட்டாங்களா, நான் அன்னிக்கே நர்ஸம்மாகிட்ட உன்னையப் பத்தி நல்லவிதமாச் சொன்னேனேன்னு கேப்பா. கருமாதிக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா. கடைசி நேரத்துல எந்தம்பி அவரைத் தூங்க வெச்சான்னு. நான் அங்கதான் பந்தில எலை போட்டுக்கிட்டு நின்னேன்.

அடிச்சு ஓயட்டும். எடுத்து என்னத்தைச் சொல்றது?

இந்தா, இந்தப் பைக்குள்ள இருக்குது பாருங்க அவங்க குடுத்த படிவம். முப்பத்தெட்டுக் கட்டம். திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கோணுமாமா. யாருக்கு எந்தக் கவரு, ஏன் மாத்துனேன்னு. ஏன்னு ஒரு கட்டம், விரக்கடை அகலம்தான் இருக்கும். அதுக்குள்ள என்னத்தைங்க எழுதறது? நல்ல மனுசன்னு எழுதட்டுமா? எங்கக்கா புருசன்னு எழுதட்டுமா?

ஏனுங்க கண்டக்டரே, குண்டடம் ஒண்ணு இருக்குது, வேகமாத் தூக்கிட்டுப் போயிராதீங்க! பெட்டி வெச்சிருக்கறாங்க!

எந்திரிங்க தம்பி. மெதுவா. பெட்டியை நிக்க வெச்ச மாதிரியே தூக்குங்க, நான் அந்தப் பக்கம் பிடிக்கறேன். என்ன? ஆமா, நீங்க கேட்டதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லலை.

ரெண்டு.

டாக்டர் ரெண்டுன்னுதான எழுதியிருக்காரு? ரெண்டுதான். அதுக்கு மேல அந்தத் திருகைத் தொடாதீங்க. அப்பா பத்தலைம்பாரு. கையெடுத்துக் கும்பிடுவாரு. பக்கத்து வூட்டுக்காரன் வந்து, ஏண்டா பெத்தவனுக்குக் காத்தைக் கூடவா மிச்சம் பிடிக்கறேம்பான். உங்கம்மா அழுவாங்க. உங்களுக்கே கை போகும், எனக்குத் தெரியும், கை தன்னால போகும். திருகாதீங்க. பத்தலைன்னா டாக்டருக்குப் போன் பண்ணுங்க, இல்லை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. வர்றவன் என்னையாட்டம் ஒருத்தனா இருந்தா, எங்கப்பனுக்கு அளந்துதான் குடுக்கோணும்னு சட்டையைப் பிடிச்சுச் சொல்லுங்க.

ஏனா? இத்தனை நேரம் வேற மாதிரிப் பேசுனேனா? ஏன்னெல்லாம் கேக்காதீங்க தம்பி, எறங்குங்க, வண்டி நிக்குது. இன்னொண்ணு. அவரு வையறாருன்னா பயப்படாதீங்க, வஞ்சுட்டே இருக்கட்டும். எப்பவாவது சத்தமில்லாம, மொகமெல்லாம் தெளிஞ்சு, அப்படியே நிம்மதியாத் தூங்கற மாதிரி இருந்துச்சுன்னா, விட்டுறாதீங்க. எழுப்புங்க. தட்டி எழுப்புங்க.